பெயிண்ட் அடிச்சா பேட்டரி சாகுமா?

மூன்றாவது பேட்டரியும் மண்டையைப் போட்டது செவ்வாய்க்கிழமை. புதன்கிழமை காலை, வண்டி நிற்கும் ஷெட்டில், வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட வந்த பதினெட்டுப் பேருக்கு முன்னால் சூப்பர்வைசர் கையில் ஒரு காகிதத்தோடு நின்றார்.

"பேட்டரிய முழுங்குற பொம்பளைய இப்பதான் பாக்குறேன். சாவிய ஆன்லயே விட்டுட்டு கைய வீசிக்கிட்டு வீட்டுக்குப் போயிட வேண்டியது. காலைல வந்து வண்டி ஸ்டார்ட் ஆகலன்னு மூஞ்சிய தூக்கி வச்சுக்க வேண்டியது. போதும்மா. இனிமே வண்டிய என் மச்சினன் பாத்துப்பான். நீ தொடப்பத்த எடு."

பதினாறு பேர் தரையைப் பார்த்தார்கள். இரண்டு பேர் சிரித்தார்கள். வண்டியக்காவுக்குக் காது மடல் வரை சூடேறியது.

வண்டியக்கா என்றால் அந்தக் கல்லூரியில் எல்லோருக்கும் தெரியும். இரண்டு பெரிய மைதானங்கள், விடுதிக்கு முன்னால் ஒரு புல்வெளி, நூலகத்தைச் சுற்றி ஒன்று. இத்தனையையும் ஏறி உட்கார்ந்து ஓட்டும் புல்வெட்டும் வண்டியால் மழித்து வைக்கிறவள் அவள் ஒருத்திதான். அந்த வண்டி வருவதற்கு முன்னால் கையால் தள்ளும் இயந்திரத்தோடு பதினோரு வருடம் நடந்து நடந்து முட்டி தேய்ந்தவள். வண்டி வந்தபோது மூன்று ஆண்கள் ஓட்டிப் பார்த்து, ஒருவர் கோல் கம்பத்தில் முட்டி, ஒருவர் பூச்செடிகளை மழித்து, மூன்றாமவர் இறங்கத் தெரியாமல் வட்டமடித்த பிறகுதான் "சரி, நீ ஏறிப் பாரு" என்றார்கள். ஏறினாள். கோடு போட்ட நோட்டுப் புத்தகம் மாதிரி வெட்டினாள். ஆறு வருடமாக அந்த ஸீட் அவளுடையது.

சாவியை ஆனில் விட்டாளாம்! அந்தச் சாவி ஆறு வருடமாக ஒரு சிவப்புக் கயிற்றில் அவள் கழுத்தில் தொங்குகிறது. தூங்கும்போதுகூடக் கழற்றுவதில்லை, புருஷன் கேலி பண்ணிப் பண்ணி அலுத்துப்போய் விட்டுவிட்டான். சாவி வண்டியில் மாட்டியிருந்தால் கழுத்தில் எப்படி இருக்கும்? சின்னக் குழந்தைகூடக் கேட்டிருக்குமே இதை! பதினெட்டுப் பேரில் ஒருத்தருக்கும் கேட்கத் தோன்றவில்லையே என்பதுதான் அவளுக்கு இன்னும் வயிற்றெரிச்சல்.

காகிதத்தைச் சூப்பர்வைசர் அவள் கையில் திணித்தார். 'எனது கவனக்குறைவால் மூன்று பேட்டரிகள் பழுதாயின என்பதை ஒப்புக்கொள்கிறேன்' என்று தட்டச்சு செய்திருந்தது. கீழே கையெழுத்துக்கு ஒரு கோடு.

"நாலு மணிக்கு மேனேஜர் ரூமுக்கு வந்து போட்டுக் குடு."

"போடலன்னா?"

"போடலன்னா நாளைலருந்து வர வேணாம்."

போட்டால் துடைப்பம், போடாவிட்டால் வாசல். என்ன நியாயம் பாருங்கள்! அதைவிட, ஒப்புக்கொள்கிறேன் என்ற அந்த வார்த்தை அவள் தொண்டையில் மீன் முள்ளாகக் குத்தி நின்றது. செய்யாத தப்பை ஒப்புக்கொண்டு, அந்தக் காகிதம் ஏதோ ஒரு ஃபைலில் அவளுக்கு வயதாகிச் சாகும்வரை உட்கார்ந்திருக்குமா?

இந்தக் கூத்தெல்லாம் எப்போது ஆரம்பித்தது என்பது அவளுக்கு நன்றாகத் தெரியும். இரண்டு மாதத்துக்கு முன்னால் ஆய்வுக் குழு வந்தது. குழு வருகிறது என்று தெரிந்ததும் சூப்பர்வைசருக்குக் கால் தரையில் நிற்கவில்லை. "எல்லாம் பளபளன்னு இருக்கணும்" என்பது அவர் வாயில் எப்போதும் வரும் வாக்கியம்; அதனால் முதுகுக்குப் பின்னால் எல்லோருக்கும் அவர் பளபளா சார். பாதையோரக் கல், மரத்தின் அடிப்பகுதி, குப்பைத் தொட்டி, குழாய், கைப்பிடி என்று கண்ணில் பட்டதற்கெல்லாம் பெயிண்ட். ஓரமாகத் தூங்கிக்கொண்டிருந்த நாய் தப்பித்ததே பெரிய விஷயம். கடைசியில் கண் வண்டிமேல் விழுந்தது. மூடியையும் எஞ்சின்மேல் மாட்டியிருந்ததையும் கழற்றச் சொல்லி, எஞ்சின் பக்கமெல்லாம் பச்சை அடிக்கச் சொன்னார். அதோடு விட்டாரா? கழற்றிய போல்ட்டுகளை ஒரு டப்பா பெயிண்டில் முக்கி எடுத்துக் காயவைத்து, மறுபடி மாட்டச் சொன்னார். குழு வந்தது, வண்டியைத் தூரத்திலிருந்து பார்த்தது, பிஸ்கட் சாப்பிட்டது, போனது. 'தூய்மையான வளாகம்' என்று ஒரு சான்றிதழ் அவர் மேசைக்கு மேலே தொங்குகிறது.

அடுத்த வாரமே முதல் பேட்டரி படுத்தது.

அன்றைக்கே அவள் சொன்னாள். "சார், பெயிண்ட் அடிச்சதுலருந்துதான் இப்படி."

பளபளா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "பெயிண்ட் அடிச்சா பேட்டரி சாகுமா? கேட்டீங்களாடா? இனிமே வீட்டுக்கு வெள்ளையடிச்சா ஃபேன் சுத்தாதுன்னு சொல்லுவா போல!" ஷெட்டே சிரித்தது. ஒரு வாரம் வரை அவளைப் பார்க்கிறவர்கள் எல்லாம் அதையே சொல்லிச் சிரித்தார்கள். அதோடு அவள் வாயை மூடிக்கொண்டாள். அப்படி மூடிக்கொண்டதுதான் தப்பு என்று இப்போது தன்னையே கரித்துக்கொட்டினாள்.

பிறகு ஒரு மெக்கானிக் வந்தார். கையில் ஒரு ஸ்பேனர், காதில் ஒரு போன். பேட்டரியை மாற்றினார். அதுவும் படுத்ததும் ரெகுலேட்டரை மாற்றினார். எஞ்சின் ஓடும்போது பிறக்கிற கரண்டைப் பேட்டரிக்கு ஏற்றபடி ஆக்கி அனுப்புகிற, உள்ளங்கையளவு அலுமினியப் பெட்டிதான் ரெகுலேட்டர். கூடவே மூன்றாவது பேட்டரியையும் போட்டார். அதுவும் படுத்தது. அப்போது அந்த மேதாவி சொன்னது: "பேட்டரி புதுசு. ரெகுலேட்டர் புதுசு. இதுக்கு மேல மாத்தணும்னா ஓட்டுற ஆளத்தான் மாத்தணும்." போன் பேசிக்கொண்டே போய்விட்டார். ஒரு தடவையாவது மீட்டர் வைத்துப் பார்த்தாரா? மீட்டராவது மண்ணாவது!

தினமும் காலையில் தண்ணி லாரிக்காரரிடம் போய் நிற்க வேண்டியதாயிற்று. அவர் லாரியின் பேட்டரியிலிருந்து வயர் மாட்டி அரை மணி நேரம் வைத்தால் வண்டி கிளம்பும். "என்னக்கா, இன்னைக்கும் பேஷண்டுக்கு குளுக்கோஸ் ஏத்தணுமா?" என்பார். நல்ல மனுஷன்தான், ஆனாலும் கெஞ்சிக் கேட்பது கெஞ்சிக் கேட்பதுதானே. மதியம் ஆவதற்குள் பேட்டரி இறங்கி, பிளேடு தானாக நின்றுவிடும். பாதி வெட்டிய மைதானம் பாதி முடி வெட்டிய தலை மாதிரிக் கிடக்கும்.

காகிதத்தை நான்காக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, வண்டியக்கா நேராக இயற்பியல் ஆய்வகத்துக்குப் போனாள். அங்கே அட்டெண்டராக இருப்பவள் அவளுடைய நாத்தனார், புருஷனின் தங்கை. இருவருக்கும் மூன்று மாதமாகப் பேச்சுவார்த்தை இல்லை. காரணம் ஒரு குடை. யார் வாங்கி யார் தொலைத்தார்கள் என்பதை இன்றுவரை யாராலும் தீர்த்து வைக்க முடியவில்லை.

நாத்தனார் கண்ணாடிக் குழாய்களைத் துடைத்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள்.

"குடை கேட்டு வந்திருந்தா என்கிட்ட இல்ல."

"குடை நாசமாப் போகட்டும்டி. உன்கிட்ட கரண்ட் பாக்குற மீட்டர் இருக்கா?" என்று கேட்டு, காகிதத்தைப் பிரித்துக் காட்டினாள் வண்டியக்கா. கண் கலங்கிவிட்டது.

நாத்தனார் வாசித்தாள். இரண்டாம் முறை வாசித்தாள். மூக்கு விடைத்தது.

"யாரு, அந்தப் பளபளாவா? என் அண்ணிய நான் திட்டலாம். ஊரான் திட்டுவானா? அழாதீங்க அண்ணி, உங்களுக்கு அழ வராது, பாக்க நல்லால்ல. திட்டுங்க, அதுதான் உங்களுக்கு நல்லா வரும்." பேசிக்கொண்டே அலமாரியைத் திறந்து மஞ்சள் மல்டிமீட்டரை எடுத்து, பதிவேட்டில் நேரம் எழுதி, ஆய்வகத்தைப் பூட்டினாள்.

ஷெட்டில் ஒரு காட்சி காத்திருந்தது. சூப்பர்வைசரின் மச்சினன் புதுத் தொப்பி ஒன்றைப் போட்டுக்கொண்டு வண்டியில் உட்கார்ந்து, நெம்புகோலை இழுத்து ஸீட்டை முன்னால் நகர்த்திக்கொண்டிருந்தான். ஆறு வருடமாக அவள் காலுக்கு ஏற்ற இடத்தில் இருந்த ஸீட்!

"எறங்கு" என்றாள் வண்டியக்கா.

"மாமா சொன்னாரு..."

"நாலு மணி வரைக்கும் இது என் வண்டி. எறங்குறியா, இல்ல உன்னோட சேத்து ஸ்டார்ட் பண்ணட்டுமா?"

இறங்கினான். இறங்கின வேகத்தில் தொப்பி ஸீட்டில் விழுந்தது.

தண்ணி லாரிக்காரர் ஏற்கெனவே வயர் மாட்டி வைத்துவிட்டுக் காத்திருந்தார். வயரைக் கழற்றியதும் நாத்தனார் மீட்டரின் சிவப்பு முனையைப் பேட்டரியின் பிளஸ்ஸிலும் கறுப்பை மைனஸிலும் வைத்தாள்.

"பன்னெண்டரை வோல்ட். பேட்டரிக்கு உயிர் இருக்கு. இப்ப ஸ்டார்ட் பண்ணி ஃபுல்லா முறுக்குங்க. பதினாலு கிட்ட ஏறணும்."

வண்டி கிளம்பியது. மீட்டர் பன்னிரண்டு புள்ளி மூன்று காட்டியது. பிளேடைப் போட்டதும் பன்னிரண்டு புள்ளி ஒன்று. பார்த்துக்கொண்டிருக்கும்போதே பதினொன்று புள்ளி ஒன்பது.

"அண்ணி, பேட்டரிக்கு உள்ள ஒரு சொட்டும் வரல. வெளிய மட்டும் போகுது. தண்ணியே வராத தொட்டிய மாத்தி மாத்தி வச்சிருக்கானுங்க!"

"அட கடவுளே! அப்ப நான் ஒண்ணும் முழுங்கல."

"இருங்க, எங்க நிக்குதுன்னு பாப்போம்."

ஃபியூஸைக் கழற்றிப் பார்த்தாள்; நன்றாக இருந்தது. எஞ்சினை நிறுத்தி, ரெகுலேட்டருக்குப் போகும் இரண்டு வயரைப் பிரித்து, மறுபடி ஓடவிட்டு அதில் மீட்டரை வைத்தாள். இருபத்தொன்பது காட்டியது. எஞ்சினுக்குள்ளே சுருள் ஒழுங்காக வேலை செய்கிறது, கரண்ட் பிறக்கிறது. ரெகுலேட்டரோ புதியது. அப்படியானால்?

நாத்தனார் நகத்தைக் கடித்தாள். பிறகு எஞ்சினை நிறுத்தச் சொல்லி, வயர்களை மறுபடி மாட்டி, மீட்டரின் திருகைச் சத்தம் எழுப்பும் இடத்துக்குத் திருப்பினாள். இரண்டு முனையையும் ஒன்றோடொன்று தொட்டாள்; பீப் என்றது. "வழி இருந்தா கத்தும். இல்லன்னா கத்தாது. ரெகுலேட்டரோட உடம்புதான் அதோட இன்னொரு வயர். அது எஞ்சினத் தொட்டு எர்த் ஆகணும், அப்பதான் கரண்ட் சுத்தி வந்து சேரும்." கறுப்பைப் பேட்டரி மைனஸில் வைத்தாள். சிவப்பை எஞ்சினின் அடியில், பெயிண்ட் எட்டாத ஓர் இடத்தில் தொட்டாள். பீப். சிவப்பை ரெகுலேட்டரின் அலுமினிய உடம்பில் தொட்டாள்.

சத்தமே இல்லை.

அழுத்தித் தொட்டாள். இல்லை. வண்டியக்கா குனிந்து பார்த்தாள். ரெகுலேட்டர் உட்கார்ந்திருந்த இடம் முழுக்கத் தோசைக்கல் கனத்துக்குப் பச்சைப் பெயிண்ட். அதைப் பிடித்திருந்த இரண்டு போல்ட்டும் தலை முதல் கால் வரை பச்சை. டப்பாவில் முக்கி எடுத்த அதே போல்ட்டுகள். அந்த மெக்கானிக், புது ரெகுலேட்டரையும் அந்தப் பெயிண்ட் மேலேயே வைத்து, அந்தப் போல்ட்டாலேயே முறுக்கிவிட்டுப் போயிருக்கிறார்.

நாத்தனார் ஒரு துண்டு வயரை எடுத்து, ரெகுலேட்டரின் உடம்பையும் பேட்டரி மைனஸையும் இணைத்து, வண்டியைக் கிளப்பச் சொன்னாள். மீட்டர் கிடுகிடுவென ஏறிப் பதினான்கு புள்ளி ஒன்றில் நின்றது.

வண்டியக்கா மீட்டரையே பார்த்தாள். சந்தோஷம் வரவேண்டிய நேரம், வந்ததென்னவோ ஆத்திரம்தான். இரண்டு மாதம்! முதல் நாளே சொன்னாளே! படித்துச் சொல்லவில்லை, மீட்டர் வைத்துச் சொல்லவில்லை, வண்டியோடு பழகிச் சொன்னாள். அதைக் கேட்டு ஒரு ஷெட்டே சிரித்ததே!

"உப்புத்தாள் குடுங்க அண்ணா, சுரண்டிடலாம்" என்று நாத்தனார் லாரிக்காரரைப் பார்த்துக் கையை நீட்டினாள்.

"தொடாத!" வண்டியக்கா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "இப்ப நாம சரி பண்ணிட்டா, 'பாத்தியா, ஒழுங்கா இருந்தா ஒழுங்கா ஓடுது'ன்னு சொல்லிடுவான். அந்த வயரையும் எடுத்துடு. எல்லாம் அப்படியே இருக்கட்டும். நாலு மணி ஆகட்டும்."

"அண்ணி, உங்களுக்கு இவ்ளோ மூளை இருக்குன்னு தெரிஞ்சிருந்தா, அந்தக் குடை விஷயத்துல நான் வாயத் தொறந்திருக்க மாட்டேன்."

நான்கு மணிக்கு மேனேஜர் அறை. பளபளா முன்கூட்டியே வந்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மேனேஜர் பேனாவின் மூடியைத் திறந்து மேசைமேல் வைத்தார்.

"போட மாட்டேன் சார்" என்றாள் வண்டியக்கா. "ஷெட் வரைக்கும் வாங்க. அஞ்சு நிமிஷம். அப்புறமும் என் தப்புன்னு தோணிச்சுன்னா, ரெண்டு கையெழுத்தாப் போட்டுத் தர்றேன்."

"இதெல்லாம் நேரம் கடத்துற வேலை சார்" என்றார் பளபளா.

மேனேஜர் ஜன்னல் வழியாகப் பாதி வெட்டிய மைதானத்தைப் பார்த்தார். வெள்ளிக்கிழமை அங்கே போட்டி. பெருமூச்சு விட்டு எழுந்தார்.

ஷெட்டில் நாத்தனார் மீட்டரோடு நின்றாள். நாலரை மணிக் கையெழுத்துக்காகப் பதினெட்டுப் பேரும் ஒவ்வொருவராக வந்துகொண்டிருந்தார்கள். வண்டியக்கா எஞ்சினை ஓடவிட்டாள். பன்னிரண்டு புள்ளி மூன்று. எல்லோரும் பார்க்கும்படி மீட்டரைத் தூக்கிக் காட்டினாள். எஞ்சினை நிறுத்தினாள். போல்ட்டுகளைக் கழற்றி ரெகுலேட்டரை எடுத்தாள். அடியிலிருந்த பச்சையைக் காட்டினாள். பிறகு உப்புத்தாளைப் பளபளாவிடம் நீட்டினாள்.

"இந்த இடத்த மட்டும் தேய்ங்க சார்."

"நான் எதுக்கு? டேய், மச்சான்!"

மச்சினன் எப்போதோ நழுவிவிட்டான். தொப்பி மட்டும் ஒரு மூலையில் கிடந்தது.

"தேய்ங்களேன் சார், என்னன்னு பாத்துடுவோம்" என்றார் மேனேஜர்.

தேய்த்தார். இஸ்திரி போட்ட பேண்ட்டோடு குந்தி உட்கார்ந்து, மூச்சு வாங்க வாங்கத் தேய்த்தார். பச்சை உதிர்ந்து வெள்ளை உலோகம் தெரிந்தது. வண்டியக்கா வயர்களோடு தொங்கிய ரெகுலேட்டரை அந்த இடத்தில் வைத்துக் கையால் அழுத்திப் பிடித்தாள். நாத்தனார் வண்டியைக் கிளப்பிவிட்டு மீட்டரைப் பேட்டரியில் வைத்தாள்.

பதினான்கு புள்ளி ஒன்று.

"ஏதோ லூஸ் கனெக்‌ஷன் சார்" என்று பளபளா கையைத் தட்டிக்கொண்டு எழுந்தார். "யாருக்கும் வர்றதுதான்."

"சரி விடும்மா" என்றார் மேனேஜர். "அதான் சரியாயிடுச்சுல்ல. போய் வேலையப் பாரு."

சரியாயிடுச்சாம்! காலையில் பதினெட்டுப் பேர் முன்னால் பொம்பளை, முழுங்குகிறவள், துடைப்பம். மாலையில் சரியாயிடுச்சு, விடும்மா! வண்டியக்கா ரெகுலேட்டரிலிருந்து கையை எடுக்கவில்லை. மறு கையால் இடுப்பிலிருந்து அந்தக் காகிதத்தை உருவினாள்.

"வண்டிக்குச் சரியாயிடுச்சு சார். எனக்கு ஆகல. இத ஒரு தடவை பாத்துட்டுப் போங்க."

மடித்த காகிதத்தை ரெகுலேட்டருக்கும் எஞ்சினுக்கும் நடுவில் செருகினாள்.

"பன்னெண்டு புள்ளி மூணு!" என்று கத்தினாள் நாத்தனார்.

காகிதத்தை உருவினாள்.

"பதினாலு புள்ளி ஒண்ணு!"

மறுபடி செருகினாள். "பன்னெண்டு புள்ளி மூணு!" உருவினாள். "பதினாலு புள்ளி ஒண்ணு!" பதினெட்டுப் பேரும் வட்டம் கட்டி நெருங்கி வந்துவிட்டார்கள். காலையில் சிரித்த இரண்டு பேரும் முன்வரிசையில் எட்டிப் பார்த்தார்கள்.

"இவ்வளவு மெல்லிசுக் காகிதம் நடுவுல இருந்தாலே கரண்ட் போகாது சார். நீங்க ரெண்டு கோட்டிங் அடிச்சு, போல்ட்ட வேற முக்கி எடுத்தீங்க. மொத நாளே சொன்னேன். அதுக்கு நீங்க ஒரு கேள்வி கேட்டீங்க, ஞாபகம் இருக்கா?"

பளபளா மேனேஜரைப் பார்த்தார். மேனேஜர் மீட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இப்ப நான் கேக்குறேன். பெயிண்ட் அடிச்சா பேட்டரி சாகுமா சார்?"

பளபளாவின் உதடு அசைந்தது. என்ன சொன்னார் என்று எஞ்சின் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. நாத்தனார் எட்டிச் சாவியைத் திருப்பி எஞ்சினை நிறுத்தினாள்.

"...சாகும்."

"கேக்கல சார்!" பின்னாலிருந்து குரல் கொடுத்தார் தண்ணி லாரிக்காரர்.

"காலைல எவ்வளவு சத்தமா சொன்னீங்களோ, அதே சத்தம் சார்" என்றாள் வண்டியக்கா.

"சாகும்!" என்று கத்தினார் சூப்பர்வைசர். ஷெட்டின் தகரக் கூரை அதிர்ந்தது. "பெயிண்ட் அடிச்சா சாகும்! தப்பு என்னுது! போதுமா?"

யாரும் சிரிக்கவில்லை. வண்டியக்கா அதைக் கவனித்தாள். சிரித்திருந்தால்கூடப் பரவாயில்லை என்று தோன்றியது. ஆனால் அதற்காக அவரைப் பார்த்துப் பரிதாபப்படவும் அவளுக்கு மனம் வரவில்லை. "போதும் சார்" என்றாள். மேனேஜர் அந்தக் காகிதத்துக்காகக் கை நீட்டினார். அவள் அதை நான்காகக் கிழித்து, அவருடைய உள்ளங்கையில் வைத்தாள்.

பிறகு போல்ட்டுகளின் பச்சையையும் தேய்த்தெடுத்து ரெகுலேட்டரை முறுக்கினாள். நெம்புகோலை இழுத்து ஸீட்டைப் பழைய இடத்துக்குத் தள்ளினாள். ஏறி உட்கார்ந்தாள். கால் சரியாக எட்டியது. இருட்ட இன்னும் ஒன்றரை மணி நேரம் இருந்தது. மைதானத்தின் மீதிப் பாதியை வெட்டப் போனாள்.